பெரிய மொட்டை கொடுத்த சீருடை

சிவசுப்பிரமணியனுடைய ரைஸ் மில் களத்தில், மைக்குக்கு முன்னால், தெருவே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, இருபத்தொரு பிள்ளைகளின் சட்டையை அவர்களைப் பெற்றவர்களே உரித்துப் போட்டார்கள். போன மாதம் நடந்தது. மூன்றாவது வரிசை நாற்காலியிலிருந்து நேரில் பார்த்தவள் நான். இன்னும் எனக்கு நெஞ்சு அடங்கவில்லை. ஆனால் மொட்டைகள் வந்த கதையை முதலில் சொல்லாவிட்டால், சட்டையைக் கழற்றியதில் என்ன பெரிய அதிர்ச்சி என்று கேட்பீர்கள்.

வந்தவர்கள் இரண்டு பேர், வியட்நாம் நாட்டுப் புத்த பிட்சுகள். பெயரைச் சொன்னார்கள், எங்கள் நாக்குக்கு வசப்படவில்லை. உயரமானவர் பெரிய மொட்டை, குட்டையானவர் சின்ன மொட்டை என்று ஆயிற்று. முகத்துக்கு நேரே மட்டும் சாமி. கயாவுக்கு வந்தவர்கள், நாகப்பட்டினத்தில் பழைய விகாரை இருந்த இடத்தைப் பார்க்க இறங்கியிருக்கிறார்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. திரும்பும் வழியில் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றபோது நூகு பாய் கண்ணில் பட்டார்கள்.

நூகு பாய் சைகோனில் பிறந்தவர். பதினேழு வயதில் குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். அவருடைய வாப்பா மௌத்தான பிறகு அந்தப் பாஷையில் பேச அவருக்கு ஆளில்லை. அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. மொட்டைகள் இங்கேயே தங்கியதற்குக் காரணம் புத்தரா, நூகு பாயின் வாயா என்பது எங்கள் தெருவில் இன்னும் தீராத வழக்கு.

ஓடாமல் கிடந்த மில்லின் பின்கட்டைத் தங்கக் கொடுத்தார் சிவசுப்பிரமணியன். நெல் காயப்போடும் சிமெண்ட் களம் பள்ளிக்கூடமானது. பாடம், அவர்கள் மடத்துச் சண்டைக்கலை. "இது நம்ம ஊர்ச் சரக்குங்க. நம்மாளு ஒருத்தரு அந்தக் காலத்துல அங்க போயி சொல்லிக்குடுத்தது, இப்ப வீடு திரும்புது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ அவரே வழியனுப்பி வைத்த மாதிரி.

முதல் பதினைந்து நாள் பிள்ளைகளைக் களத்தைக் கூட்டத்தான் விட்டார் பெரிய மொட்டை. அடுத்த பதினைந்து நாள் தொடையை விரித்து, குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி, ஆனால் குதிரை இல்லாமல், அரை மணி நேரம் நிற்க வைத்தார். எதிர்வீட்டு உமாமகேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

"எங்க ஹரிஹரன் வீட்ல ஒரு தம்ளர எடுத்து வைக்க மாட்டான்க்கா. அங்க போயி களத்தக் கூட்டிட்டு, இல்லாத குதிர மேல உக்காந்துட்டு வர்றான். இதுக்கா அனுப்புறோம்?"

"காசா பணமா? சும்மாதானே சொல்லித்தர்றாரு" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று மறுநாள் மகளையும் சேர்த்துவிட்டாள்.

சேர்ந்தவர்களில் சின்னப் பிள்ளை அல்லாதவள் சுகிர்தா ஒருத்திதான். பெரியநாயகியின் மகள், எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. போலீஸ் வேலைக்கு எழுதிப் பாஸாகி, போன வருஷம் உடல்தகுதித் தேர்வில் உயரம் தாண்டும்போது குச்சியைத் தட்டிவிட்டு வந்தவள். இன்னும் ஒரு விரல்கடை எழும்பியிருந்தால் போதுமாம். இந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. அதாவது இன்னும் ஒரே ஒரு தடவை. பெரிய மொட்டை அவளைத் தனியாக நிறுத்தி, நெல் மூட்டைக்குக் கீழே போடும் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தாண்டச் சொல்லுவார். வாரத்துக்கு ஒரு கட்டை ஏறும். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

பெரியநாயகி பக்தியில் எங்கள் தெருவுக்கே முதல் ஆள். ராகுகாலத்தில் பால் பாக்கெட்டைக்கூட வெட்ட மாட்டாள். ஆனாலும் துறவிகள் மதியத்துக்கு மேல் சாப்பிட மாட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, வெங்காயம் பூண்டு இல்லாமல் தனியாகச் சமைத்து, பதினோரு மணிக்குள் மில்லுக்கு இரண்டு தூக்கு அனுப்பிவிடுவாள். "எந்தச் சாமியாரா இருந்தா என்னாக்கா, வயிறு ஒண்ணுதானே" என்பாள். மகள் காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்பதையும் நான் கவனிக்காமல் இல்லை.

மூன்றாம் மாதம் சீருடை வந்தது. காவிக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட ஒரு நிறம். பெரிய மொட்டையே நூகு பாய் வீட்டுத் தையல் மெஷினில் தைத்தது. மில்லில் நெல் அவிக்கும் தொட்டியில் ஏதோ மரப்பட்டையைப் போட்டுக் கொதிக்கவிட்டு, துணியை முக்கி எடுத்து சாயம் ஏற்றியது. ஒவ்வொரு சட்டையிலும் பத்துப் பன்னிரண்டு துண்டு இணைத்திருந்தது. அதுதான் அவர்கள் மடத்து மோஸ்தர் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். துணியோ அருமையான துணி. சில துண்டைத் தடவினால் நல்ல பருத்தி, சில துண்டு பட்டு மாதிரி வழுக்கும்.

"எந்தக் கடையில எடுத்தீங்க சாமி?" என்று மூன்று தடவை கேட்டேன். அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்றே மூன்றுதான்: 'நில்லு', 'சாப்பிட்டாச்சு', 'நிறைய இருக்கு'. மூன்றாவதைச் சொல்லிச் சிரித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பெரிய மொட்டை சைக்கிளை எடுத்துக்கொண்டு திருநள்ளாறு போவார். பால் வாங்க நிற்கிற நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "புத்தரு ஆளு, நம்ம சனீஸ்வரனக் கும்புடப் போறாரு பாத்தியா" என்று தெருவுக்கே பெருமை பிடிபடவில்லை. திரும்பி வரும்போது கேரியரில் ஒரு மூட்டை இருக்கும். பிரசாதத்துக்கு அவ்வளவு பெரிய மூட்டையா என்று ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டும். எனக்கே தோன்றவில்லை. அதில்தான் எனக்கு இன்னும் வருத்தம்.

ஆறு மாதம் ஆனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விழா. அடுத்து வந்த வியாழக்கிழமை புதுச்சேரியில் சுகிர்தாவுக்கு உடல்தகுதித் தேர்வு. இருபத்தொரு பிள்ளைகளும் அவளும் சீருடையில் வரிசையாக நின்று கம்பு சுற்றினார்கள். ஹரிஹரன் ஒரு உருளல் உருண்டு எழுந்ததும் உமாமகேஸ்வரி அழுதேவிட்டாள். சுகிர்தா ஐந்து பிள்ளைகளைக் குனிய வைத்து மேலே தாண்டினாள். பெரியநாயகி சாமி கும்பிடுகிற மாதிரி கைகளைக் குவித்துக்கொண்டு பார்த்தாள்.

பிறகு பெரிய மொட்டை மைக்கைப் பிடித்தார். அவர் கொஞ்சம் பேச, நூகு பாய் அதைத் தமிழில் சொன்னார்.

"உங்க புள்ளைங்க தங்கமான புள்ளைங்கன்றாரு."

கைதட்டல்.

"மத்தவங்க வேணாம்னு கழிச்சுப்போட்ட துணியத்தான் சாமியாருங்க தைச்சுப் போட்டுக்கணும்னு புத்தரு சட்டம் போட்டிருக்காராம். ஆனா இப்பல்லாம் அவங்க நாட்டுல யாரும் நல்ல துணியத் தூக்கிப் போடுறதில்லயாம். பக்தருங்க புதுத்துணியாக் குடுத்துடுறாங்களாம். இவங்க அத வெட்டி, துண்டு துண்டா ஒட்டுப்போட்டு, கந்தல் மாதிரி ஆக்கி உடுத்திக்குவாங்களாம். இருபது வருசமா நானும் அப்படித்தான் புத்தர ஏமாத்திக்கிட்டிருந்தேன்றாரு."

எல்லோரும் சிரித்தோம். நல்லவேளை சிரித்தோம், அதற்கப்புறம் புதன்கிழமை வரைக்கும் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து பெரிய மொட்டை நீளமாகப் பேசினார். மேற்குத் திசையைக் கையால் காட்டினார், நெஞ்சில் கை வைத்துக்கொண்டார், பிள்ளைகளின் சட்டையைக் காட்டினார். முடித்துவிட்டு நூகு பாயைப் பார்த்தார். நூகு பாய் வாயைத் திறந்தார். மூடினார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"என்னா பாய், நிறுத்திட்டீங்க?" என்றார் சிவசுப்பிரமணியன்.

"நன்றி சொல்றாரு. அவ்வளவுதான்."

"இம்மாம் நேரம் பேசுனதுக்கு நன்றி மட்டுந்தானா? நடுவுல திருநள்ளாறுன்னு காதுல விழுந்துச்சே" என்றாள் உமாமகேஸ்வரி. அவள் காது அப்படி.

நூகு பாய் வானத்தைப் பார்த்தார். "யா அல்லா" என்று மைக்கிலேயே சொன்னார். பிறகு ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

"திருநள்ளாத்துக் கொளத்தங்கரையில சனிக்கெழம சனிக்கெழம ஆயிரக்கணக்கான ஜனங்க வந்து, நல்ல நல்ல துணியா அவுத்துப் போட்டுட்டு, திரும்பிக்கூடப் பாக்காம போறத இவரு பாத்தாராம். இந்த மாதிரி ஆசைய விட்ட ஜனங்கள உலகத்துல எங்கயும் பாத்ததில்லயாம். மறுநா காலையில போயி, கரையோரம் கெடக்குறத அள்ளியாந்து, தொவைச்சு, சாயம் போட்டு… ஒரு மனுசன் ஒடம்புல போடக்கூடியதுலயே ஒசந்த துணி அதுதானாம். அதான் நம்ம புள்ளைங்களுக்கு…"

மீதியைச் சொல்ல அவருக்கும் தெம்பில்லை, கேட்க எங்களுக்கும் தெம்பில்லை.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. ஏழரைச் சனியோ அஷ்டமத்துச் சனியோ பிடித்தவர்கள் திருநள்ளாற்றுக்கு வந்து, எண்ணெய் தேய்த்து, நளதீர்த்தத்தில் முழுகி, உடுத்தியிருந்த துணியைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். பிடித்த சனி துணியோடு கழியும். அந்தத் துணியைத் தொட்டு எடுக்கிறவர்களைப் போய்ப் பிடித்துக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. திருநள்ளாற்றுக்குப் போகும்போது அதை மிதித்துவிடாமல் தாண்டி நடக்கத்தான் எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவோம். ஒரு துண்டுக்கே அப்படி. இங்கே ஒரு சட்டையில் பன்னிரண்டு துண்டு. பன்னிரண்டு ஊர்ச் சனி.

மைக் கீ என்று கத்தியது. பிறகு உமாமகேஸ்வரி செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். ஹரிஹரன் கையை உயர்த்துவதற்குள் சட்டை தலை வழியாக வந்துவிட்டது. அவ்வளவுதான், எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலிகள் சரிந்தன. "கழட்டுடா! கழட்டுடா!" என்று நாலா பக்கமும் கூச்சல். பொத்தானை அவிழ்க்க நேரமில்லாமல் கிழித்தார்கள். பெண் பிள்ளைகளை அம்மாக்கள் முந்தானையில் சுருட்டி மில்லுக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். உள்ளாடையோடு நின்ற பையன்கள், என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல், பழக்கதோஷத்தில் இல்லாத குதிரை மேல் உட்கார்ந்தார்கள்.

"எங் களத்துல போடாதீங்க! மில்லுக்கு வெல பேசிக்கிட்டிருக்கேன்! அவங்கவங்களுத அவங்கவங்க எடுத்துட்டுப் போயிடுங்க!" என்று சிவசுப்பிரமணியன் ஒலிபெருக்கியில் கெஞ்சினார்.

சின்ன மொட்டை, இந்தத் தெருவும் ஆசையை விட்டுவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, கண்கலங்கி எல்லோரையும் பார்த்துக் கைகூப்பி நின்றார்.

கழற்றாதவள் சுகிர்தா ஒருத்திதான். களத்து நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பெரியநாயகி சரிந்த நாற்காலிகளைத் தாண்டி அவளிடம் போனாள்.

"கழட்டுடி."

"முடியாதும்மா."

"என் முந்தானையப் போத்திக்க. கழட்டு."

"எடுத்தவங்களத்தானே புடிக்கும்? எடுத்தது சாமி. நான் கரையிலேருந்தா எடுத்தேன்? எனக்கு தைச்சுக் குடுத்தாங்க, போட்டேன்."

"சட்டம் பேசாத. இன்னும் போலீஸ் ஆகல நீ."

வீட்டுக்குப் போய்த்தான் கழற்றினாள். பெரியநாயகி அதைக் கொம்பில் மாட்டி, துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் வைத்தாள். திருநள்ளாற்றில் எள்விளக்குக் கடை வைத்திருக்கும் தன் சித்தி திரிபுரசுந்தரிக்கு உடனே போன். பதில் தெருவுக்கே கேட்டது.

"சனிக்கெழம அதையே போட்டுக்கிட்டு வரச் சொல்லு. எண்ண தேச்சு முழுகி, கரையில விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம போவட்டும். அதுவரைக்கும் ஒரு நல்ல காரியத்துக்கும் வாசப்படி தாண்டக்கூடாது. தாண்டுனா வெளங்காது, சொல்லிட்டேன்."

தேர்வு வியாழக்கிழமை. பரிகாரம் சனிக்கிழமை. இரண்டு நாள் பிந்திவிடும். சுகிர்தாவுக்கு இருந்தது ஒரே ஒரு தடவை. அம்மாவிடம் கெஞ்சினாள், சண்டை போட்டாள், திங்கள் ராத்திரியிலிருந்து சாப்பிடவும் இல்லை. பெரியநாயகி அசையவில்லை. "போன வருசம் சும்மாப் போயே குச்சி விழுந்துச்சு. இந்த வருசம் இத்தனை சனியச் சொமந்துட்டுப் போயி, கால ஒடச்சுக்கிட்டு வந்தா நான் யாரக் கேப்பேன்?"

இதற்குள் தெருவில் வேறு கூத்து. சட்டைகளை வீட்டில் வைக்க ஆளில்லை. குப்பை வண்டிக்காரர், "எங்களுக்கு மட்டும் ஏழரை வராதாம்மா?" என்று தொட மறுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் எங்கள் காம்பவுண்டுச் சுவரில் இரண்டு சட்டை தொங்குகிறது! யார் வீட்டுச் சனி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒட்டடைக் கம்பால் தள்ளித் தள்ளி, உமாமகேஸ்வரி சுவருக்கு அனுப்பிவைத்தேன். நியாயமா என்று கேட்காதீர்கள். அவள் வேறு யார் சுவருக்கோ அனுப்பியிருப்பாள்.

புதன்கிழமை காலையில் பெரிய மொட்டை தெருவுக்குள் வந்தார், தோளில் ஒரு காலிச் சாக்கு, பக்கத்தில் நூகு பாய். ஒவ்வொரு வாசலிலும் நின்று, தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து வணங்கி, சாக்கின் வாயைத் திறந்து பிடித்தார்.

"எல்லாத்தையும் அவரே வாங்கிக்கிறாராம்" என்றார் நூகு பாய். "ரெண்டு மணி நேரம் குந்தவச்சு வெளக்கினேன். ரொம்பக் கூனிக்குறுகிப் போயிட்டாரு மனுசன். அவங்க நாட்லயும் வருசப் பொறப்புக்கு கோயிலுக்கு வந்து கெரகம் கழிக்கிறவங்க உண்டாம். தெரியாமப் போச்சேன்றாரு."

பெண்கள் குச்சியோடு ஓடி வந்தார்கள். சட்டைகள் ஒவ்வொன்றாகச் சாக்குக்குள் விழுந்தன. உமாமகேஸ்வரி சந்தர்ப்பத்தை விடுவாளா? ஹரிஹரன் சட்டையோடு, ஓடாத ஒரு சுவர்க்கடிகாரம், கிழிந்த பாய், தலையணை உறை இரண்டு எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளினாள். "வீட்டுக்கு ஆகாம இருந்துச்சு. அவருதான் வாங்குறாருல்ல" என்றாள். பெரிய மொட்டை கடிகாரத்துக்கும் ஒரு வணக்கம் வைத்தார்.

பெரியநாயகி வீட்டு வாசலுக்கு வந்தபோது நானும் தற்செயலாக அங்கே இருந்தேன். அவள் கொம்பு நுனியில் சட்டையை ஏந்திக்கொண்டு வந்தாள். பெரிய மொட்டை குனிந்தார். சாக்கு திறந்தது. கொம்பு சாக்குக்கு மேலே போய் நின்றது. இறங்கவில்லை.

"பாய், இத வாங்கினா என்னா ஆகும்னு இவருக்கு முழுசாச் சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன் தங்கச்சி."

"தெரிஞ்சுமா வாங்குறாரு?"

"நானும் கேட்டுட்டேன். எனக்கு வீடு இல்ல, பொண்டாட்டி புள்ள இல்ல, உத்தியோகம் இல்ல, தலையில முடிகூட இல்ல, சனீஸ்வரன் வந்து எத எடுத்துட்டுப் போவாருன்றாரு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தோம். பெரியநாயகி சிரிக்கவில்லை. பெரிய மொட்டையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக அவளுடைய ரசஞ்சோறு தின்ற முகம்.

"போடு பெரியநாயகி! விட்டது தொல்லைன்னு போடு!" என்றாள் உமாமகேஸ்வரி.

"கரையில விட்டுட்டு வர்றப்ப யாரு எடுக்குறாங்கன்னு தெரியாது. அதனால விடலாம்" என்றாள் பெரியநாயகி மெதுவாக. "மூஞ்சியப் பாத்துட்டு எப்படிப் போடுறது? சோறு போட்ட கையால இதையும் போடவா?"

"அப்ப சனிக்கெழம போயி கொளத்துலயே விடு."

"விட்டா? ஞாயித்துக்கெழம சைக்கிள்ல போயி எடுக்கப்போறது யாரு?" நூகு பாயைப் பார்த்தாள். "இனிமே அங்க போக மாட்டாருல்ல?"

நூகு பாய் கேட்டார். பெரிய மொட்டை ஏதோ சொன்னார், ரொம்ப மரியாதையாக.

"போவாராம். இனிமே புள்ளைங்களுக்கு இல்லயாம், அவருக்காம். அவங்க சட்டம் அது, விட முடியாதுன்றாரு."

பெரியநாயகி கொம்பைப் பின்னால் இழுத்தாள். சட்டையை அதிலிருந்து எடுத்தாள். கையால்! வெறும் கையால்! அதை உதறி, நான்காக மடித்து, இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எங்களுது எங்ககிட்டயே இருக்கட்டும் சாமி. நீங்க போங்க."

வாசல் கதவுக்குப் பின்னாலிருந்து சுகிர்தாவின் குரல் வந்தது.

"அம்மா… அப்ப நான் எந்தச் சனிக்கெழமைக்குக் காத்திருக்கணும்?"

பெரியநாயகி யோசித்தாள். எனக்குத் தெரிந்து அவள் பஞ்சாங்கம் பார்க்காமல் யோசித்தது அதுதான் முதல் தடவை.

"கழிக்கிறதுன்னாத்தான் காத்திருக்கணும். கழிக்கவே போறதில்லன்னா எதுக்கு? ரெண்டு மணி பஸ்ஸுக்குக் கெளம்பு. மொதல்ல சாப்புடு."

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் கறிவேப்பிலை வாங்கப் பெரியநாயகி வீட்டுக்குப் போனேன். ஒன்பதரைக்கும் அதற்கேதான் போயிருந்தேன். அவள் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு, பற்றவைக்க மறந்து, கிண்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா! தாண்டிட்டேம்மா! மொத ரெண்டு தடவையும் போச்சு. மூணாவதுல குச்சி ஆடுச்சு, விழல!"

பெரியநாயகி முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"எத போட்டுக்கிட்டுத் தாண்டுன?"

"அதத்தாம்மா. மேல நம்பர் அட்டை குத்தியிருந்தாங்க."

அவள் திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் கத்தினாள்.

"நல்லாக் கேட்டுக்க. அங்க பொம்பளப் புள்ளைங்க துணி மாத்துற எடத்துல, அத எங்கயாவது கழட்டிப் போட்டுட்டு வந்துடாத!"